செவத்த டீக்கு ஆட்டுப்பட்டி போட்ட கதை

எனக்குக் கோபம் வரும். வந்தால் என் குரல் துடியலூர் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பெண் பார்க்க வந்த அன்றே அவருக்கு அது தெரிந்துவிட்டதாம். டீயை ஆறவைத்துக் கொண்டுவந்து கொடுத்ததற்காக என் தம்பியை நான் உள்ளறையில் வாங்கு வாங்கென்று வாங்கியது கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. "டீ மேல இத்தன பிரியம் வெச்சவ கட்டினவன் மேலயும் கொஞ்சம் வெப்பான்னு நம்பித்தான் சரின்னு சொன்னேன்" என்பார். அந்த நம்பிக்கை பலித்ததா என்று நான் கேட்டதில்லை. டீதான் முதலில், அது எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு நாற்பது நெருங்கிய சமயத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?" என்றார். "அஞ்சு" என்றேன். வீட்டுக்காரர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். "எட்டு இருக்குமுங்க" என்றேன். அவர் இன்னும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பார்வையைக் கீழே இறக்கினார். இனிமேல் டீயும் கூடாது, காப்பியும் கூடாது, ஒரு வாய் கூடக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். "எழவு ஊட்டுக்குப் போய்ட்டு வாரமாதிரி அழுகறியே அம்மணி, ரோட்டுல நாலு பேரு பாக்கறாங்க" என்றார் அவர். எழவுதான். எனக்கு வேறென்ன இருந்தது? நகை வேண்டும், சேலை வேண்டும் என்று நான் அவரை அரித்ததே கிடையாது. ஒரு தம்ளர் டீ, நாக்கு பொசுங்குகிற சூட்டில், அவ்வளவுதான் கேட்டேன்.

குடிக்கத்தான் கூடாது, போடாமல் இருக்க முடியுமா? எங்கள் தோட்டம் நாலு ஏக்கர் செம்மண். தென்னை, ஊடே மஞ்சள், கிணற்றடியில் காய்கறி. தினமும் எட்டு ஆள் வேலைக்கு வருவார்கள். காலை பதினொன்றுக்கும் சாயங்காலம் நாலுக்கும் அத்தனை பேருக்கும் டீ போட்டு ஊற்றுவது என் வேலை. கொதிக்கிற டீயின் ஆவி முகத்தில் அடிக்கும்போது நான் படுகிற பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. அந்த ஆத்திரமெல்லாம் ஆட்கள் மேல் இறங்கியது. களை சரியாக எடுக்கவில்லை, மடை சரியாகத் திருப்பவில்லை, நிழலில் நின்றால் நிழலில் நின்றது தப்பு.

அந்த எட்டுப் பேரில் எனக்குப் பதில் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஓடை தாண்டியிருந்த குடியிருப்பில் இருந்தாள். ஓடைக்காட்டுக்காரி என்றே சொல்லிவிடுகிறேன். என் வயதுதான். நான் கல்யாணமாகி வந்த அதே வருஷம்தான் அவளும் அங்கே வாக்கப்பட்டு வந்தாள். நடவோ, களையோ, மஞ்சள் வெட்டோ, மற்றவர்கள் அவள் கையைப் பார்த்துத்தான் செய்வார்கள். ஒரு நாள் நாலு மணிக்கு டீ ஊற்றிக்கொண்டே நான் எல்லோரையும் வறுத்தெடுத்தபோது அவள் சொன்னாள்: "பண்ணாடிச்சிங்க, அந்த ஒரு தம்ளர நீங்களே குடிச்சுப்போடுங்க. நீங்க குடிச்சா ஒரு ஆளுக்குத்தான் நெஞ்சு அடிக்கும். குடிக்காட்டி இங்க எட்டு ஆளுக்கு அடிக்குது."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அவளுடைய தம்ளர் மாட்டுச்சாளையின் கூரை எரவாணத்தில் செருகியிருக்கும். அவளே எடுத்துக் கழுவி நீட்டுவாள். டீப் போகணி அதில் பட்டுவிடாமல் நான் மேலேயிருந்து ஊற்றுவேன். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் அப்படித்தான். வழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை பாருங்கள், நானும் யோசிக்கவில்லை.

என் தம்பி மில் இயந்திரங்கள் செய்கிற ஒரு பட்டறையில் ஃபிட்டர். இயந்திரம் பூட்டிக்கொடுக்க ஆறு மாதம் அவனைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவன் எனக்கென்று ஒரு பெரிய பொட்டலம் கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தால் துடைப்பத்தைப் பொடியாக நறுக்கிப்போட்ட மாதிரி, செங்கல் நிறத்தில் சக்கை. "டீங்கக்கா" என்றான். "ரூய்போஸ்னு பேரு. ஆனா டீச்செடி இல்ல, இது வேற செடி. நெஞ்ச அடிக்கவெக்கற சமாச்சாரம் இதுல கெடையாது. அங்க கொழந்தைக்குக்கூடக் குடுக்கறாங்க."

நான் நம்பவில்லை. டாக்டரிடம் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டி, அவர் பார்த்துவிட்டுச் சரி என்ற பிறகுதான் அடுப்பில் வைத்தேன். கொதிக்கக் கொதிக்க நிறம் இறங்கியது. பால் ஊற்றினேன். சாட்சாத் டீயின் நிறம். வாயில் வைத்தால், டீ இல்லைதான். அந்தத் துவர்ப்பு இல்லை. ஆனால் அடியில் ஒரு தேன் வாசம், மழைக்கு முந்தி காய்ந்த புல்லில் வருமே அந்த மாதிரி ஒரு வாசம். சூடு தொண்டையில் இறங்கியது. அடுப்பங்கரையில் நின்றபடியே அழுதுவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "ஈரச்சாக்க வேகவெச்ச மாதிரி இருக்குது" என்றார். இருக்கட்டும், எனக்கு அது போதும்.

அந்தப் பொட்டலம் இருந்த வரைக்கும் வீடு அமைதியாக இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். சித்திரையில் தீர்ந்துபோனது. கோயமுத்தூரில் அப்படி ஒரு சாமானைக் கேட்டால் கடைக்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். தம்பியையும் மறுபடி அங்கே அனுப்பவில்லை. ஆனால் அவன் ஒரு தீப்பெட்டி நிறைய விதையும் கொண்டுவந்திருந்தான். அங்கே அவன் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளருக்குச் சொந்தக்காரர்கள் அந்தச் செடியைத்தான் பயிர் செய்கிறார்களாம். எப்படி வளர்ப்பது, இலையை எப்படிப் பக்குவம் செய்வது என்று அவர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டுத் தாளில் எழுதியும் வைத்திருந்தான்.

அந்தத் தாளை நாலு மணி டீயின்போது சத்தமாக வாசித்தேன். வீட்டுக்காரரும் ஆட்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மணல் மண் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. அந்த ஊர் மலைச்சரிவைத் தவிர வேறெங்கும் சுலபத்தில் வராத செடி. உரம், எரு எதுவும் கண்ணில்கூடக் காட்டக் கூடாது. ஒன்றரை வருஷம் ஆனதும் கிளையை வெட்டிப் பொடியாக நறுக்கி, நசுக்கி, ஈரம் தெளித்துக் குவித்து மூடிவைத்தால் ஒரு நாளில் பச்சை மாறிச் சிவக்கும். அப்புறம் வெயிலில் காயவைக்க வேண்டியதுதான்.

எருவைக் கண்ணில் காட்டக் கூடாது என்ற வரியில் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "எரு போடாம ஒரு பயிரா? ஆரோ உன்ற தம்பிய நல்லா ஏமாத்தி அனுப்பியிருக்கறாங்க" என்றார். எங்கள் பக்கத்து விவசாயிகளை உங்களுக்குத் தெரியாவிட்டால் இதைப் புரிந்துகொள்வது கஷ்டம். ஒருவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார் என்பது அப்புறம்தான். எத்தனை வண்டி எரு அடித்தார் என்பதில்தான் கௌரவம். அதிலும் வந்திருப்பது விருந்தாளி. "கடல் தாண்டி வந்த ஒறம்பரைக்கு வெறுஞ்சோறா போடுவாங்க?" என்று கேட்டார். அந்த நியாயம் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. என் டீச்செடிக்கு இருப்பதிலேயே நல்ல இடம் வேண்டும் என்று நானும் ஒற்றைக்காலில் நின்றேன்.

கிணற்றடியில் பத்து சென்ட் ஒதுக்கினார். ஆனி மாதம் செம்மறி மந்தையோடு ஆட்டுக்காரர்கள் மேட்டுப்பாளையம் ரோட்டோரம் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு அந்தப் பத்து சென்ட்டில் ஆட்டுப்பட்டி போட்டார். பட்டி போடுவதென்றால், மந்தையை ராத்திரி முழுக்க அந்த நிலத்திலேயே அடைத்துவைப்பது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் ஊறி, அடுத்த வெள்ளாமை பிய்த்துக்கொண்டு போகும். மஞ்சளுக்கே ஒரு ராத்திரிதான் போடுவார். இதற்கு மூன்று ராத்திரி. "எரு செய்யறத இனத்தான் செய்ய மாட்டான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விதை கல் மாதிரி இருந்தது. தாளில் சொன்னபடி உப்புத்தாளில் தேய்த்து, வெந்நீரில் ஊறவைத்து, வைகாசியிலேயே ஆற்று மணல் நிரப்பிய பெட்டியில் போட்டிருந்தோம். பாதிக்கு மேல் முளைத்தது. ஊசி ஊசியாக இலை, சின்னச் சவுக்கு மாதிரி. நான் காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுகிறேனோ இல்லையோ, அந்தப் பெட்டியைப் பார்த்துவிடுவேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, நல்ல நாள் பார்த்து ஆடியில் நாற்றைப் பிடுங்கி நட்டோம்.

அன்றைக்கு ஓடைக்காட்டுக்காரி ஒரு நாற்றைப் பிடுங்கி வேரை உற்றுப் பார்த்தாள். "பண்ணாடி, இதைச் சித்தெ பாருங்க. வேருல முடிச்சு முடிச்சா இருக்குது, கொள்ளுச்செடியாட்டவே. கொள்ளுக்கு ஆருங்க எரு போடறாங்க? கல்லாங்காட்டுல வெதச்சுட்டு மறந்துபோடுவோமுங்க, அது பாட்டுக்கு வெளையும்" என்றாள். வீட்டுக்காரர், "கொள்ளும் சீமைச்செடியும் ஒண்ணா? நட்டுப் போடு" என்றார். நானும்தான், "நேரமாகுது, பேச்சக் கொறை" என்று ஒரு அதட்டுப் போட்டேன். அவள் நட்டாள். சொத்தையும் கூழையுமாய் நாலைந்து நாற்று மிஞ்சியது. "தூக்கி எறிஞ்சுபோடு" என்றேன். "நான் கொண்டுபோறனுங்க" என்றாள். "கொண்டுபோ, ஆட்டுக்குக்கூட ஆகாது" என்றேன்.

ஒரு மாதம் செடி தளதளவென்று நின்றது. வீட்டுக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்காரர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். ஆவணி பாதியில் ஒரு செடியின் நுனி கருகியது. பசி என்றார். வேப்பம் புண்ணாக்கு வைத்தார். பத்துச் செடி பழுத்தது. கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினார். இன்னும் பழுத்தது. கிணற்றுத் தண்ணீரை மடை திருப்பி வயிறு முட்டக் குடிக்கவைத்தார். நான் என் பங்குக்கு மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். ஐப்பசி மழையில் வேர் அழுகி வரிசை வரிசையாகச் சாய்ந்தது. கார்த்திகையில் கடைசிச் செடியையும் பிடுங்கிப் போட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வந்த என் தம்பிதான் வரப்பில் நின்று, "அக்கா, மச்சான் அதுக்குக் கறிவிருந்து வெச்சே கொன்னுபோட்டாரு" என்றான். எனக்கு வந்த கோபத்தில், போன ஆட்டுமந்தையைக்கூடத் திட்டினேன்.

விதை ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுபடி எட்டுப் பேருக்கு டீ ஊற்றிக்கொண்டு, நான் சுக்குத் தண்ணி குடித்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். கல்யாண வீட்டுக்குப் போனால், "ஒரு வாய் டீ குடிங்க" என்று சொல்லாதவர்கள் இல்லை. அந்த ஒரு வாய்க்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

தை முடிந்து மாசி பிறந்திருந்தது. பதினொரு மணி டீக்கு ஓடைக்காட்டுக்காரி தம்ளரை நீட்டினாள். ஊற்றப்போன என் கை அப்படியே நின்றது. டீயின் வாசத்தையும் மீறி இன்னொரு வாசம். தேன். காய்ந்த புல். அவள் விரலெல்லாம் செங்கல் நிறத்தில் கறை.

"கையில என்ன புள்ள அது?"

"அதுங்களா? அன்னிக்கு எறியச் சொன்னீங்கல்ல, அந்தச் சொத்தை நாத்துங்க. மூணு செத்துப்போச்சு. ரெண்டு நின்னுருச்சு. எம்பட நெஞ்சு ஒசரத்துக்கு வந்துருச்சுங்க. நேத்து வெட்டி, நறுக்கி, கல்லுல நசுக்கி ஈரச்சாக்குப் போட்டு மூடி வெச்சேன். வெடிய வெடியச் செவந்துபோச்சு."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அட கெரகமே! இத்தன நாளு ஏன் சொல்லல?"

"சொத்தை நாத்து என்னாச்சுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே."

"அந்தப் பக்குவமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான படிச்சீங்க? பண்ணாடி சிரிச்சுட்டு இருந்தாரு. நான் கேட்டுட்டு இருந்தேன்."

சரி, காய்ந்ததும் பாதியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வா என்றேன். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற நினைப்பில்தான் சொன்னேன். அவள் தம்ளரைக் கழுவிச் செருகிவிட்டு வந்து, நிதானமாக, "அது மாட்டனுங்க" என்றாள்.

"மாட்டியா?"

"செடி எம்பட வாசல்ல இருக்குதுங்க. டீயும் அங்கயே போடறேன். உங்களுக்கு வேணும்னா வந்து குடிச்சுட்டுப் போங்க. எந்நேரம் வந்தாலும் சரி."

மற்ற ஏழு பேரும் அவரவர் தம்ளருக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குத் துடியலூர் என்ன, மேட்டுப்பாளையத்துக்கே கேட்டிருக்கும். ஆனால் என்னவென்று திட்டுவது? என் தோட்டத்து நாற்று என்று சொல்லலாமா? எறியச் சொன்னவள் நான்தானே. அவள் பாட்டுக்குக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பது நாள் நடந்தது அந்தச் சண்டை. சண்டை என்றால் நான் ஒருத்திதான் போட்டேன். அவள் தினமும் வந்தாள், வேலை செய்தாள், "வாரனுங்க" என்று சொல்லிக்கொண்டு போனாள். ஒரு தார் வாழைக்காய் தருகிறேன் என்றேன். "சமைச்சுக்கறனுங்க, ஆனா அதுக்கும் டீக்கும் சம்பந்தமில்லீங்க" என்றாள். ஆட்டுக்குட்டி தருகிறேன் என்றேன். "எங்கூட்டுலயே ரெண்டு குட்டி நிக்குதுங்க" என்றாள். வீட்டுக்காரரிடம் போய், "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "நம்ம மண்ணுல வந்திருந்தா நம்மளுது. அவ வாசல்ல வந்தது அவுளுது. நான் என்னத்தச் சொல்றது?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு வேண்டியது ஒரு தம்ளர் டீ. அதற்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரு வறண்ட ஓடை. தாண்ட ஐந்து நிமிஷம். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தக் குடியிருப்பில் கை நனைத்தது கிடையாது. ஊர் என்ன சொல்லும், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், என் மாமியார் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்றெல்லாம் படுத்தபடி கணக்குப் போட்டேன். ஊர் வாய்க்குப் பயப்படுகிறவள் என்று அதுவரைக்கும் என்னைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. அந்த ஒன்பது நாளில்தான் தெரிந்தது, என் சத்தமெல்லாம் என் வேலிக்குள்ளேதான்.

பத்தாம் நாள் அவள் வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு டீ கொதித்துப் பொங்கி வந்தது. ஆவி முகத்தில் அடித்தது. கரண்டியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "நீங்களே ஊத்துங்க" என்றேன்.

"எங்க போறே?"

"டீ குடிக்க."

அவர் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன்.

இருபது வருஷத்தில் நான் ஓடையின் இக்கரைக்குத்தான் போயிருக்கிறேன். ஆள் வேண்டுமென்றால் அங்கே நின்று ஒரு சத்தம் போடுவேன், சத்தத்துக்கா என்னிடம் பஞ்சம்? அன்றைக்குத்தான் இறங்கி ஏறினேன். அக்கரை முழுக்கப் பருமணலும் சரளைக்கல்லும். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ, "பண்ணாடிச்சி வாராங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார்கள். எனக்குக் கல்யாணப் பெண் மாதிரி வேர்த்துக் கொட்டியது.

அவள் வாசலில் அந்த இரண்டு செடிகளும் நின்றன. வெட்டிய இடத்தில் மறுபடி பச்சை துளிர்த்து, வெட்டாமல் விட்ட கிளைகளில் பொடிப் பொடியாய் மஞ்சள் பூ. நான் மண்டி போட்டுத் தொட்டுப் பார்த்தேன். வேரடியில் வெறும் சரளை.

"என்ன போட்டு வளத்தே?"

"ஒண்ணும் போடலீங்க. மழை பேஞ்சா அது குடிச்சுக்கும். இந்தக் கல்லாங்காட்டுல என்ன போட்டாலும் ஒண்ணும் வராதுன்னுதான உங்க மாமனாரு எங்களுக்குக் குடுத்தாரு?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். குத்தலா, வேடிக்கையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டாள். உட்கார்ந்தேன். அடுப்பில் ஏற்கெனவே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. "நான் இன்னைக்கு வருவேன்னு எப்படித் தெரியும்?" என்றேன். "தெரியாதுங்க. பத்து நாளா நாலு மணிக்கு வெக்கறேன். வேலைக்குப் போன அன்னிக்கெல்லாம் எம்பட மக வெச்சா" என்றாள். பளபளவென்று ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்துவந்தாள். கடையில் ஒட்டிய தாள்கூட அடியில் உரியாமல் இருந்தது. "உங்க சாளையில எனக்குன்னு தனித் தம்ளர் வெச்சிருக்கறீங்கல்ல, அது மாதிரி எங்கூட்டுல உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கியாந்தேன்" என்றாள். என்ன வாய்! வேறு யாராவது சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவள் சொன்னதால் உட்கார்ந்திருந்தேன். டீ வாசம் வேறு விடவில்லை.

பால் இல்லாத வெறும் டீ. நல்ல செம்பு நிறம். தம்பி கொண்டுவந்ததைவிடக் கொஞ்சம் பச்சை வாசம் தூக்கலாக இருந்தது. நசுக்கியது போதவில்லை போலிருக்கிறது. ஆனால் அடியில் அதே தேன். நான் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் சூடு இறங்கியது. இரண்டு வருஷத்து ஏக்கம் ஒரே மூச்சில் தீர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கடவுளே, எவ்வளவு சந்தோஷம்! எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்த்துச் சிரித்தன. நானும் சிரித்தேன்.

"தித்திப்பு சரியா இருக்குதுங்களா?" என்றாள்.

இம்மி பிசகாமல் இருந்தது. நான் போட்டுக்கொள்கிற அதே அளவு. "எப்படி இவ்வளவு கரெக்டாப் போட்டே?" என்றேன்.

"இருவது வருசமா உங்க கை டீயக் குடிக்கறேன். நீங்க எத்தன தித்திப்புக் குடிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

அவளும் ஒரு தம்ளரில் ஊற்றிக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள். தன் தம்ளரில் அவள் சர்க்கரை போடவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கு வேண்டாமுங்க. டீல சக்கரை போட்டா எனக்குக் கொமட்டும். சின்னதுல இருந்தே அப்படித்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அப்புறம் எங்க தோட்டத்துல? தெனம் ரெண்டு தடவ…?"

"ஊத்துனீங்க, குடிச்சேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. டீயை ஊதிக்கொண்டே, வேறு எதையோ பார்த்தபடி சொன்னாள். பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, இருபது வருஷம். சர்க்கரை போட்டுக் கலக்கிய போகணியைத்தான் நான் எடுத்துக்கொண்டு போவேன். யாருக்கு எப்படி வேண்டும் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் கேட்டதில்லை. ஒரு தம்ளர் டீ கிடைக்காததற்கு ஊரைக் கூட்டி அழுதவள் நான். தம்ளரை நீட்டினேன்.

"இன்னொண்ணு ஊத்து. சக்கரை போடாத."

"உங்களுக்குப் புடிக்காதுங்க."

"ஊத்து புள்ள, உனக்குப் புடிச்சது எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்."

ஊற்றினாள். அவள் சொன்னது சரிதான், எனக்குப் பிடிக்கவில்லை. சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.